பீரங்கிக்கு எண்ணெய் போட்டவன்

ஓய்வு பெற்ற நகராட்சிப் பணியாளர்கள் போடும் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வருடா வருடம் கேட்பார்கள். எனக்கு எழுத வராது என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். வராமல் இல்லை. மலரில் எழுதுகிற எல்லாரும் தங்கள் மேலதிகாரியைத் தங்கமான மனிதர் என்று எழுதுகிறார்கள். எனக்கு வாய்த்தவரை அப்படி எழுத மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தடவை எழுத வைத்தது ஒரு சின்னப் பெண். சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வந்திருக்கும் புதுப் பொறியாளர். பணிவான பெண், குறை சொல்ல முடியாது. பழைய குழாய்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று கேட்க வீடு தேடி வந்தது. காபி குடித்துக்கொண்டே கேட்டது: "சார், பட்டுக்கடை முக்குல பீரங்கி முனீஸ்வரர் கோயில் இருக்குதில்ல, அந்தக் கோயில்ல எதுக்கு சார் பீரங்கி வச்சாங்க?"

"கோயில்ல யாரும் பீரங்கி வைக்கலம்மா. பீரங்கிக்கு மேலதான் கோயில் வச்சாங்க" என்றேன்.

அந்தப் பெண் சிரித்தது. நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. "சுத்துல எல்லாத்தையும் எடுக்கறோம் சார். தண்ணிப் பந்தல், நிழற்குடை எல்லாம். அதை மட்டும் தொட முடியாது. சாமி விஷயம்" என்றது. அது போன பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இனி யார் தடுத்தாலும் எழுதாமல் விடுவதில்லை.

என் பெயர் ஏகாம்பரம். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். அண்ணன் தறியில் உட்கார்ந்தார், எனக்கு இரும்பு பிடித்தது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன், கொஞ்ச காலம் தினக்கூலியாகக் குழாய் பூட்டினேன், பிறகு நகராட்சியில் நிரந்தரமானேன். அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம். நான் எத்தனை வால்வு மாற்றினேன் என்பதைப் படிக்கவா மலர் வாங்குகிறீர்கள்?

வேலையில் சேர்ந்து சில வருடங்கள் கழித்துத்தான் பீரங்கி வந்தது. கிழக்கே நடந்த போரில் நம் கடற்படை பிடித்த எதிரிப் படகு ஒன்றிலிருந்து கழற்றிய பீரங்கி. அந்தப் படகு பிடிபடுவதற்கு முன் நம் படகு ஒன்றைச் சுட்டது. அப்போது இறந்தவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர், பெயர் காசிம். அவர் அப்பா ஒலிமுகமதுபேட்டைப் பக்கம் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். காசிமின் உடல் கிடைக்கவில்லை, கடலோடு போய்விட்டது. அதனால் அவருக்கு அடக்கம் செய்த கபர் என்று ஒன்று கிடையாது. அவர் போகும்போது மனைவி மாசமாக இருந்தாள். பிறந்தது பெண், ஜரீனா என்று பெயர் வைத்தார்கள்.

பட்டுக்கடைகள் வந்து முட்டும் முக்கூட்டில் மேடை கட்டிப் பீரங்கியை ஏற்றினோம். மேடையின் முகப்பில் பித்தளைத் தகடு. இது எதிரியிடமிருந்து கைப்பற்றிய பீரங்கி, இது சுட்டதில் உயிர் நீத்த நம் ஊர் மாலுமி மு. காசிம் நினைவாக இங்கே வைக்கப்படுகிறது என்று அதில் தெளிவாக வெட்டியிருந்தது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அந்தத் தகட்டை மறக்காதீர்கள். ஊரில் காசிமின் பெயர் இருந்த ஒரே இடம் அது.

பீரங்கியோடு கடற்படைப் பட்டறையிலிருந்து சூரிபாபு என்ற தெலுங்குக்கார மெக்கானிக் வந்தார். ஓட்டலில் இட்லியை மட்டுமே தின்றுகொண்டு எனக்கு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். "கடல்ல இருந்தப்ப தெனமும் யாராவது தொடைப்பான்பா. இங்க யாரு தொடைப்பாங்க? நீதான்" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறையை இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதலில் நல்ல தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றிக் கழுவ வேண்டும். பீய்ச்சி அடிக்கக் கூடாது, இடுக்கில் ஈரம் தங்கிவிடும். ஈரம் போகத் துடைத்த பிறகு மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பழைய பசையை எடுக்க வேண்டும். குழலின் வாயில் செருகியிருக்கும் மரக்குமிழைக் கழற்றி, நீளக் கம்பில் துணி சுற்றி உள்ளே ஒரே போக்காகத் தள்ளி இழுக்க வேண்டும். பிறகு மேலே மெல்லிசாக எண்ணெய், மூட்டுகளில் மஞ்சள் கிரீஸ். பக்கத்தில் இருக்கும் கைச்சக்கரத்தைச் சுற்றினால் குழல் ஏறி இறங்கும். அதை ஒருமுறை ஏற்றி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்சக்கரம் இறுகிவிடும். கடைசியில் குழலைத் தாழ்த்தி வைத்து, குமிழை மாட்டி, வாய்க்குத் துணி கட்ட வேண்டும்.

"எதுக்கு சார் தாழ்த்தி வைக்கணும்? மழைத் தண்ணி வடியவா?" என்று கேட்டேன்.

"மழைக்கும்தான்பா. ஆனா அது மட்டுமில்ல. உங்க பையனைக் கொன்னது உங்க ஊர்ல தலை குனிஞ்சு நிக்கணும். அதான் அந்தப் பையனுக்கு நாம குடுக்கற மரியாதை. எவன் வந்து சொன்னாலும் தலையைத் தூக்க விடாத."

நானும் விடவில்லை, என்னால் முடிந்தவரைக்கும்.

இனி என் அதிகாரி. அவரைத் தணிகாசலம் சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை கசங்காது, குரல் உயராது, யாரையும் திட்ட மாட்டார். எந்த வேலையையும் செய் என்று சொன்னதே இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் நிதானமாகத் துடைப்பார். "நீ இன்னா நெனைக்கிற ஏகாம்பரம்?" என்பார். நாம் ஒன்று சொன்னால் "ஓ, அப்படியா?" என்பார். வேறொன்று சொன்னாலும் "ஓ, அப்படியா?" அவர் மனதில் இருப்பது நம் வாயிலிருந்து வரும்வரை விட மாட்டார். வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். "சரிப்பா, நீ சொல்றபடியே செஞ்சிடலாம்." ஒருமுறை பழைய மோட்டாரையே ஓட்டலாம் என்று என்னைச் சொல்ல வைத்தார். மோட்டார் புகைந்து போனது. விசாரணையில் அவர் சொன்னது, "ஏகாம்பரம்தான் ஓட்டலாம்னு சொன்னாப்ல." அதில் பொய் இல்லை பாருங்கள். நான்தானே சொன்னேன்!

பீரங்கியைச் சுத்தம் செய்ய வெள்ளிக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் பம்பு ஷிப்டு மாறும், எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். துடைக்கத் துணி கேட்டால் அலுவலகத்தில் கையை விரித்தார்கள். அதனால் அண்ணன் வீட்டுத் தறியில் அறுத்துப் போட்ட பட்டுக் கழிவை அள்ளிக்கொண்டு வந்தேன். பட்டு இரும்பைக் கீறாது, எண்ணெயை நன்றாகக் குடிக்கும். வாய்க்குக் கட்டுவதற்கு, ரோடு போடும்போது வண்டிகளை நிறுத்தப் பிடிப்பார்களே, அந்தச் சிவப்புத் துணி ஸ்டோரில் கிடந்தது. அதைக் கட்டினேன்.

இப்போது கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். நெற்றி நிறைய விபூதியோடு ஒருத்தன் வெள்ளிக்கிழமை காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறுகிறான். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறான். எண்ணெய் தடவுகிறான், மஞ்சளாக எதையோ அப்புகிறான், பட்டால் துடைக்கிறான், சிவப்பு வஸ்திரம் கட்டுகிறான். காஞ்சிபுரத்துக்காரன் கண்ணுக்கு இது வேறு என்னவாகத் தெரியும்? எண்ணெய் பட்ட செருப்பு வழுக்கும் என்று நான் கழற்றினேன், சாமி.

முதலில் ஆரம்பித்தது எதிரே பூ விற்கும் கன்னியம்மா. "இன்னாண்ணா, சாமிக்கு எண்ணெய்க்காப்பு முடிஞ்சிச்சா?" என்று கேட்டாள். கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கைச்சக்கரத்தில் ஒரு முழம் மல்லி சுற்றியிருந்தது. எடுத்துப் போட்டேன். அதற்கடுத்த வாரம் குழலில் எலுமிச்சம்பழம் கோர்த்துத் தொங்கியது. ஆட்டோ ஸ்டாண்டு வந்ததும் புது வண்டி எடுக்கிறவன் எல்லாம் பீரங்கிக்கு முன்னால் கொண்டுவந்து சக்கரத்துக்கு எலுமிச்சை வைக்க ஆரம்பித்தான். வேலும் சூலமும் நட்டார்கள். தகரக் கூரை வந்தது. பீரங்கி முனீஸ்வரர் என்று பெயர் வந்தது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, ஈரச் சுவரில் பாசி படருவது போல அது பாட்டுக்கு வந்தது.

தணிகாசலம் சாரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். "நாமளா வச்சோம்? இல்ல. நாமளா எடுத்தா எப்படி இருக்கும்? நீ இன்னா நெனைக்கிற?" என்றார்.

என் வீட்டிலேயே தோற்றேன் என்றால் ஊரை எங்கே சொல்வது? என் மனைவி சரோஜா ஒருநாள் மடியில் எலுமிச்சம்பழத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். "அடியே, அது எதிரியோட பீரங்கிடி. ஒரு மனுசனைக் கொன்னது" என்றேன். "காவல் தெய்வம்னா கையில ரத்தம் இருக்கத்தான் செய்யும். நம்ம பொண்ணுக்கு வரன் அமைஞ்சது யாராலன்னு நெனைக்கிற?" என்றாள். தரகர் கோவிந்தனால் என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவன் ரேணுவிடமும் சொல்லிப் பார்த்தேன். கோயில் கமிட்டி என்று ஒன்று ஏற்பட்டதும் அதற்கும் அவன்தான் தலைவன். கெட்டவன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நடுரோட்டில் விழுந்தவனைத் தன் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிறவன். "எதிரிகிட்டருந்து வந்ததுன்னு எனக்கும் தெரியும்ணா. அங்க இருக்கப் புடிக்காம நம்ம ஊர தேடிக்கினு வந்துகீது. அதான் சாமி" என்றான். இப்படிச் சொல்கிறவனிடம் மேலே என்ன பேசுவது?

இத்தனைக்கும் நடுவில் தகடு இருந்தது. அதற்கும் சந்தனம் அப்பினார்கள். நடுவில் குங்குமம், மேலே மாலை. வாராவாரம் அதைச் சுரண்டி, தின்னர் தொட்டுத் துடைத்து, காசிம் என்ற எழுத்து பளிச்சென்று தெரிந்த பிறகுதான் மேடையை விட்டு இறங்குவேன். சாயங்காலத்துக்குள் மறுபடி அப்பிவிடுவார்கள். நான் சுரண்டுவதைக்கூட, பழைய சந்தனத்தை எடுத்துப் புதுசுக்கு இடம் பண்ணுகிறேன் என்றே நினைத்தார்கள். தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

காசிம் இறந்த தேதியில் ஜரீனா வருவாள். சின்னப் பெண்ணாக இருக்கும்போது அம்மாவோடு வந்தாள். அம்மா போன பிறகு தனியாக வந்தாள். கல்யாணமாகி, பட்டுப்புடவைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தாள். கடையிலிருந்து வாங்கிய புடவைப் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஏந்தி உதடசைய ஓதுவாள். முடிந்ததும் தகட்டில் இருக்கும் பெயரை விரலால் ஒரு தடவை தடவுவாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததில்லை, தொட்டதில்லை. தொட முடிந்தது அந்த எழுத்து மட்டும்தான்.

ஒரு வருடம் அந்தத் தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தது. ஆடி மாதம் இல்லை, ஆனாலும் ஏதோ வேண்டுதல் என்று கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வேலை முடிப்பதற்குள்ளேயே தகட்டை யாரோ சந்தனத்தால் மூடிவிட்டார்கள். ஜரீனா வந்து நின்றாள். தேடினாள். கன்னியம்மா ஆசையாக ஓடிவந்து அவள் கையில் கூழ் டம்ளரைத் திணித்தாள். "நீயும் வேண்டிக்கம்மா. நம்ம முனீஸ்வரருக்கு சாதி மதம்லாம் கெடையாது. எல்லாருக்கும் பொது" என்றாள்.

"எங்கத்தா பேரு அதுக்குக் கீழ இருக்குதுக்கா" என்றாள் ஜரீனா.

"இருக்கட்டும்மா, சாமி காலடியில இருக்கறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள் கன்னியம்மா. மனசார, அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெறுப்பில் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

நான் கீழே இறங்கி வந்து பட்டுக் கழிவால் தகட்டைத் துடைத்துவிட்டேன். ஜரீனா ஓதினாள், தடவினாள், போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, எங்க வூட்ல இங்க வரவே கூடாதுங்கறாங்க. சிலை வச்சிப் பூசை பண்ற எடத்துல நின்னு ஃபாத்திஹா ஓதறது தப்பாம். மாமனார் சத்தம் போடறாரு. நான் எங்க போயி ஓதறதுண்ணா? கடலுக்கா போறது?"

இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். நடுவில் ஒரு பெண், அப்பாவின் பெயரைத் தொட வந்தவள்.

அதற்குப் பிறகு குழலைத் தூக்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் குழல் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது. கைச்சக்கரத்தை வெல்டிங் வைத்து அசையாமல் செய்திருக்கிறார்கள். "சாமி தலை குனிஞ்சு நிக்கலாமாண்ணா? ஊருக்கே அவமானமில்ல?" என்றான் ரேணு. சூரிபாபு சொன்னதைச் சொன்னேன். கொலைகாரன் தலை குனிந்து நிற்கவேண்டும் என்றுதான் அதை அப்படி வைத்தார்கள் என்றேன். ரேணு காதைப் பொத்திக்கொண்டான். தணிகாசலம் சாரிடம் போய் வெல்டிங்கை வெட்டி எடுக்க அனுமதி கேட்டேன். வெட்டினால் தீப்பொறி கூரையில் படாதா, கூரையில் பட்டால் கூட்டம் சும்மா இருக்குமா, கூட்டம் சும்மா இல்லாவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் "அப்ப வேணாம் சார்" என்று நானே சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் கமிட்டி மேடை முழுக்கக் கறுப்பு கிரானைட் பதித்துக் கும்பாபிஷேகம் செய்ய முடிவு பண்ணியது. தகடு இருக்கும் முகப்பிலும் கிரானைட். செய்தி கேள்விப்பட்டு ஜரீனா பம்பு ஹவுசுக்கே வந்துவிட்டாள். அங்கே அவள் வந்தது அந்த ஒரு முறைதான். "பூசை பண்ணட்டும்ணா, வேணாங்கல. மாலை போடட்டும். பேரை மட்டும் மூடக்கூடாது. அது மூடிட்டா எங்கத்தா இருந்தாருன்றதுக்கே ஒண்ணுமில்ல" என்றாள்.

அவளையும் ரேணுவையும் கூட்டிக்கொண்டு தணிகாசலம் சார் அறைக்குப் போனேன். எல்லாருக்கும் டீ வரவழைத்தார். ஜரீனாவிடம் நாற்காலியைக் காட்டி "உக்காரும்மா" என்றார். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். ரேணு சொன்னதையும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா நெனைக்கிற ஏகாம்பரம்?"

"பேர் இருக்கணும் சார்."

"இருக்கணும். நானும் அதைத்தான் சொல்றேன். அது பழைய தகட்டுலதான் இருக்கணுமா? பித்தளை தேயுது. கல்லுல வெட்டுனா எத்தன தலமொறைக்கு நிக்கும்?"

"நிக்கும் சார். ஆனா..."

"அப்ப கல்லுல இருந்தா நல்லதுங்கற. ரேணு, புதுக் கல்லுல அம்மா சொல்ற பேரை வெட்ட உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம்?"

"ஐயோ, நமக்கின்னா சார். தங்கத்துலயே வெட்டறோம்" என்றான் ரேணு. ஜரீனாவைப் பார்த்து, "அக்கா, கவலப்படாதீங்க. நான் இருக்கறேன்" என்று நெஞ்சில் கையை வைத்துச் சொன்னான். ஜரீனா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் டீயைக் குடித்தாள்.

கிளம்பும்போது சார் என்னை மட்டும் நிறுத்தினார். ஓரிக்கைப் பக்கம் பாலாற்று நீரேற்று நிலையத்தில் மோட்டார் தகராறு செய்கிறது, அனுபவசாலி யாராவது கொஞ்ச நாள் அங்கேயே இருந்து பார்த்தால் தேவலை, யாரை அனுப்பலாம், நீ இன்னா நெனைக்கிற என்றார். அனுபவசாலி வேறு யார் இருந்தார்கள்? நான் ஓரிக்கையில் இருந்தபோதுதான் கிரானைட் பதித்தார்கள். கும்பாபிஷேகத்துக்கு வந்த கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை வாளியோடு போனேன். தகடு கிரானைட்டுக்குப் பின்னால் சிமெண்டுக்குள் போய்விட்டது. முகப்பில் பீரங்கி முனீஸ்வரர் திருக்கோயில் என்று பெரிய எழுத்து. காசிம் பெயரைத் தேடினேன். பின்பக்கம், செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே ஒரு கல். நம் ஊர்க் கோயில்களில் மணி கொடுத்தவன், ட்யூப்லைட் போட்டவன் பெயரையெல்லாம் வெட்டி வைப்பார்களே, அந்த உபயதாரர் கல். வெண்கல மணி உபயம் இன்னார். மின்விசிறி உபயம் இன்னார். அந்த வரிசையில் நடுவே, பொன் எழுத்தில்: பீரங்கி உபயம், மு. காசிம், கடற்படை.

ரேணுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் முகமெல்லாம் பூரிப்பு. "கல் வெட்டறவரு கேட்டாருண்ணா, இந்தப் பேர எந்தத் தலைப்புல போடறதுன்னு. கமிட்டியில பேசுனோம். அவராலதான பீரங்கி ஊருக்கு வந்துது? அப்ப பீரங்கி அவரு உபயம்தான? இருக்கறதுலயே பெரிய உபயம் அதான்ணா" என்றான். கோயில் என்று ஒன்று இருந்தால் பெயர் என்பது உபயமாகத்தான் இருக்க முடியும். அவர்களுக்கு வேறு விதமாக யோசிக்கவே வரவில்லை.

பணிக்காலம் முழுக்க என் மீது வந்த ஒரே குற்றச்சாட்டுக் குறிப்பாணை அடுத்து நடந்ததற்காகத்தான். கோயில் சொத்தைச் சேதப்படுத்தினேன் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டவர் தணிகாசலம் சார். அன்றைக்கு மட்டும் நான் என்ன நினைக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் குறிப்பாணையால் எனக்குக் கிடைக்க வேண்டிய சில சலுகைகள் தள்ளிப்போயின, போகட்டும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

காசிமின் தேதி வந்தது. ஜரீனா வந்தாள். முகப்பில் தேடினாள். நான் அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். செருப்புகளுக்கு நடுவில் நின்று அந்தக் கல்லை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். மணி, மின்விசிறி, தரை ஓடு, பீரங்கி. படித்து முடித்தும் கையை ஏந்தவில்லை. விரலால் தடவவும் இல்லை.

"அண்ணா, உளி இருக்குதா?" என்றாள்.

"எதுக்கும்மா?"

"இதை எடுத்துடுங்க. எங்கத்தா பேரு இங்க வேணாம்."

"ஜரீனா, இதுக்காகத்தானம்மா இவ்வளவு நாளா..."

"எடுத்துடுங்கண்ணா. உங்களால முடியலன்னா சொல்லுங்க, நானே வெட்டறேன்."

சைக்கிளில் கருவிப் பை இருந்தது. உளியும் சுத்தியும் எடுத்துவந்து கீழே குந்தினேன். வாராவாரம் நான் துடைத்து வைத்த பெயர் அது. கிரானைட் லேசில் விடாது, சில்லுச் சில்லாகத்தான் வரும். சத்தம் கேட்டு முதலில் கன்னியம்மா வந்தாள், பிறகு ஆட்டோக்காரர்கள், பிறகு ரேணு ஓடிவந்தான். உளியைப் பிடுங்க வந்தவன், பக்கத்தில் ஜரீனா நிற்பதைப் பார்த்து நின்றான்.

"இன்னாக்கா இது? உங்களுக்காகத்தான போட்டோம்? உபயதாரர் பேரை உடைச்சா சாமி குத்தமாயிடும்கா."

ஜரீனா குரலை உயர்த்தவில்லை. "எங்கத்தா இதுக்கு உபயம் குடுக்கல. இது சுட்டுத்தான் அவரு செத்தாரு. எங்கம்மா வயித்துல நான் இருக்கும்போது என் அத்தாவக் கொன்னது இதுதான். உங்க சாமிதான் கொன்னது" என்றாள்.

கூரையில் கட்டிய ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரேணு அவளையே பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருடம் கழித்தாவது ஒருத்தன் இவளிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்து நான் உளியை இறக்கினேன்.

கேட்டான். பீரங்கியின் பக்கம் திரும்பி, "முனீஸ்வரா, அக்கா தெரியாம பேசிடுச்சி. மனசுல வச்சிக்காதப்பா" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். கன்னியம்மா போட்டுக்கொண்டாள். ஆட்டோக்காரர்கள் போட்டுக்கொண்டார்கள். அர்ச்சனைக்கு நின்றிருந்தவர்களும், என்ன நடந்தது என்றே தெரியாமல் ரோட்டில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரும்கூட நின்று போட்டுக்கொண்டார்கள்.

ஜரீனா கீழே வைத்திருந்த புடவைப் பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்தாள். அவளைப் பார்த்து ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மீதி எழுத்துகளையும் வெட்டி முடித்தேன்.